பூஜ்ஜியம் போட்ட ஊர்

கே.கே. நகர் மாடி அலுவலகத்தில்
ஏசிக்குக் கீழே உட்கார்ந்து
மேலூர்ப் பக்கத்தின் அடுத்த ஐந்து வருடத்தை
நான்தான் எழுதினேன்.

கம்பியில்லா அகலக்கற்றை, வீட்டு இணைப்பு,
எதிர்பார்க்கும் சந்தை.
எத்தனை கூரை, எத்தனை பிளஸ் டூ,
எத்தனை பேர் சிங்கப்பூரில், திருப்பூரில்,
மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது கட்டும் வீடு எது,
முதல் மாதம் மட்டும் கட்டிவிட்டுப்
பெட்டியைத் திருப்பித் தராத வீடு எது.
வளைகோடு மேலே ஏறும்.
ஏறாத வளைகோட்டைச்
சென்னையில் யாரும் பார்ப்பதில்லை.

சருகுப்பொட்டலுக்கு மட்டும்
பூஜ்ஜியம் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: மலை.
டவருக்கும் ஊருக்கும் நடுவே
வரைபடத்தில் பழுப்பாகப் படுத்திருந்தது,
நூற்று நாற்பது மீட்டர்.
இந்த அலைவரிசை
வேப்பிலைக்கே தயங்கும்.
மலையிடம் என்ன செய்யும்.

ஆவணியில் ஜெயசிங் போன் செய்தார்.
உன் பூஜ்ஜியத்திலிருந்து
முப்பத்தோரு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள்,
எல்லா வீட்டிலும் முழு சிக்னல்,
என்னவென்று போய்ப் பார்.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்,
அங்கிருந்து மினி பஸ்,
மினி பஸ் திரும்புகிற புளியமரத்திலிருந்து நடை.
கையில் வரைபடம். வரைபடத்தில் மலை.
நிமிர்ந்தால் வானம்.

கீழே சதுரம் சதுரமாய்ப் பள்ளம்,
யாரும் இறங்காத படிகளோடு.
அடியில் பச்சைத் தண்ணீர்.
ஓரத்தில் பெயின்ட்டில் எண் போட்ட ஒரே ஒரு கல்
கேஸ் முடியக் காத்துக் கிடக்கிறது.
அதன் விளிம்பில் துளை போட்ட வரிசை,
மாத்திரை தீர்ந்த அட்டை மாதிரி.

அந்தப் பக்கம் நாலரைக் கிலோமீட்டரில்
என் டவர்
கொடிக்கம்பு போலச் சாதாரணமாக நின்றது.

அழகுராக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.
பெட்டியை ஜன்னலில்
பள்ளத்தைப் பார்க்க வைத்திருந்தாள்.
"ரோட்டுப் பக்கம் வச்சா வராது.
மலை இருந்த பக்கம் வச்சாத்தான் வரும்."
மலை இருந்த பக்கம்.
தெற்கு, வடக்கு மாதிரி
இங்கே அது ஒரு திசை.

படிவத்தைப் பிரித்தேன்.
வேகம் போதுமா?
"போதும்."
பெரும்பாலும் எதற்குப் பயன்படுகிறது?
"பட்டா பாக்க.
மலை யார் பேர்ல இருந்துச்சுன்னு
ஒவ்வொருத்தரா வந்து பாக்குறாய்ங்க.
பிரிண்ட் பத்து ரூவா."
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
பொழுதுபோக்கில் டிக் அடித்தேன்.

மழை பெய்தால் சிக்னல் குறையலாம் என்று
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
"அப்ப இங்க வருசம் பூராம் நல்லா வரும்" என்றாள்,
சிரிக்காமல், ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டே.

திரும்பும் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து
பூஜ்ஜியத்தை அழித்தேன்.
இருநூற்றுப் பத்து என்று போட்டேன்.
வளைகோடு ஒரு நூல் நிமிர்ந்தது.
மலையையும் அழித்தேன்.
கட்டம் சிவப்பானது:
காரணத்தைக் காலியாக விட முடியாது.
"தடை நீங்கியது" என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

அதற்குள் ஜெயசிங், உற்சாகமாக.
இதே மாதிரி இன்னும் எத்தனை தேறும்,
வரைபடத்தில் மலை இருந்து
தரையில் இல்லாத ஊர்?
யாருமே தொடாத சந்தை அய்யா அது,
நாம்தான் முதலில்,
வெள்ளிக்கிழமைக்குள் பட்டிய

ஒத்தக்கடை.
ஜன்னலை அடைத்துக்கொண்டு யானைமலை,
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாக.
கைபேசியில் ஒரு கோடு.
பிறகு அதுவும் இல்லை.
பஸ் கொஞ்ச தூரம்
அப்படியே போனது.