புள்ளிக் கணக்கு

ஓவுலுவில் ஜனவரி.
பத்து மணிக்கு வெளுத்து
இரண்டரைக்கு இருட்டிவிடுகிறது.
வண்டி தெருவில் இறங்க வழியில்லாத மாதம்;
பிரித்துப் போட இதைவிட நல்ல நேரமில்லை.

எழுபத்தேழில் இத்தாலியில் செய்தது.
வால்வுகளுக்கு ஸ்பிரிங் கிடையாது:
திறக்க ஒரு கை, இழுத்து மூட ஒரு கை.
தானாக மூடிக்கொள்ளும் என்று
எதையும் நம்பி விடாத எஞ்சின்.
எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு
ஹில்க்கா வேறு காரணங்கள் சொல்வாள்.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
முன்பின் தெரியாத ஒருவரின்
மேல்வாயும் கீழ்வாயும் எங்கே சந்திக்கின்றன என்று
நீலத்தாளில் படிந்த தடம் பார்ப்பது பிழைப்பு.
அந்தத் தாளில் இரண்டு துண்டைக்
கோட்டுப் பையில் கொண்டுவந்து
சிலிண்டரின் தலைக்குள் கடிக்கக் கொடுத்தேன்.
சாய்ந்த பற்சக்கரங்கள்
பல்லுக்குப் பல் மெல்லத் திரும்பின.
நீலம் நடுப்பல்லில் விழுந்தது.
குறை சொல்ல முடியாத கடி.

அப்புறம்தான் அடியிலிருந்த வாஷரைப் பார்த்தேன்.
ஒரு பக்கம் வெள்ளி,
மறுபக்கம் பச்சை,
பச்சையில் ஏதோ ஓர் எழுத்தின் வால்.
பியர் டின்!
கத்தரியால் வெட்டிய வளையம்,
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.
மைக்ரோமீட்டரில் வைத்தால்
சேர்ந்து சரியாகப் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

விற்றவரை அழைத்தேன்,
வளைகுடாவுக்கு அந்தப்புறம், லூலியோவில்.
தோர்ஸ்தேனுக்குக் காது மந்தம்
(அந்த சைலன்சர்களுக்கும் அதில் பங்குண்டு).
டின், டின் என்று மூன்று முறை கத்தியபின் சிரித்தார்.
"ஹபராண்டா தாண்டியதும் கரகரவென்று சத்தம்.
எண்பத்தொன்பது.
வீடுவரை வந்தால் போதும் என்று வெட்டினேன்."
அப்புறம்?
"அப்புறம் சத்தமே வரவில்லையே."

போலோன்யாவிலிருந்து எஃகு வளையம் வந்தது.
அதுவும் புள்ளி இரண்டுதான்.
மாற்றினேன். கை தயங்கவில்லை.
டின் வளையங்கள் இப்போது
சமையலறை மேசையின் ஆட்டத்தை நிறுத்துகின்றன.

பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது.
மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
தீக்குச்சி அட்டையைச் சொருகி
இடைவெளி பார்த்த காலத்துக்காக
நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.
பிரேக்கின் ரப்பர் குழாய்களையும் கழற்றினேன்.
லீவரை அழுத்தினால்
முதலில் குழாய்தான் வீங்கும்;
சக்கரத்துக்குச் செய்தி
அதன்பிறகு, யோசித்து, போய்ச் சேரும்.
எஃகு பின்னிய குழாய்க்கு யோசிக்கத் தெரியாது.

மே மாதக் கண்காட்சியில்
பென்ட்டி வந்து குனிந்தார்.
கையில் அந்தக் காலத்துக் கேட்டலாக்,
மூக்கில் இரண்டு கண்ணாடி.
எஃகுக் குழாயைக் கண்டதும்
செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"ஒரிஜினல் இல்லை.
ஐந்து புள்ளி கழிக்கிறேன்."
டின்னோடு கொண்டுவந்திருந்தால்
கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஜூனில் கூசமோ சாலை.
இரவு பதினொன்று, வெயில்.
பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து
உடம்பில் ஒரு புள்ளியும் இல்லாத மான்,
பனிநாட்டு மான்,
பாதி உதிர்ந்த குளிர்கால ரோமத்தோடு
நடுச்சாலைக்கு வந்து நின்றது.
விலகும் உத்தேசம் அதற்கு இல்லை.
இரண்டு விரலால் அழுத்தினேன்.
முன்போர்க் குனிந்தது,
டயர் ஒருமுறை கீச்சிட்டது,
பிறகு அமைதி,
பிறகு கொசுக்கள்.

சக்கரத்துக்கும் குளம்புக்கும் நடுவே
இரண்டு முழம் தார்ச்சாலை.
என் ஐந்து புள்ளியும் அங்கேதான் கிடந்தது.
மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டு
தன்பாட்டுக்குப் போனது.

முழங்கால் நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரமானது.
ஹெல்மெட்டைக் கழற்றி
ஓரத்தில் உட்கார்ந்தேன்.
பெட்ரோல் வாசனை.
இடது கார்புரேட்டர்
மறுபடி ஒழுகுகிறது.