குனிந்த கண்ணாடி

புளியரைச் சோதனைச்சாவடியில்
பன்னிரண்டு வருஷம் சேஸ் நம்பர் தடவிய விரல் இது.
கிரீசைத் துடைத்தால் எண் வரும்,
எண் வந்தால் பொய் தெரியும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.

இரவுப் பணியில் தூக்கம் விரட்டத்தான்
யுத்தகாலப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.
வெள்ளைக்காரப் பட்டாளத்தின் லாரிகள்.
மனிதர்களைப் பார்ப்பதில்லை,
எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி சிரிப்பார்கள்.

பானட் பாய் விரித்ததுபோல் அகன்று கிடந்தால் பெட்போர்டு;
உள்ளே பாலைவனத் தூசுக்கென்று பெரிய வடிகட்டி.
கதவே இல்லாமல், ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே
உள்ளங்கையளவு கண்ணாடி மட்டும் நின்றால் மாரிஸ்.
மூக்கு சப்பை, கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னே தள்ளி
தரையைப் பார்த்துக் குனிந்திருந்தால்
கனடாவில் செய்து கப்பலேற்றியது.
வெயில் பட்டு மின்னி
மேலே பறக்கிறவனுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று
அப்படிக் குனிய வைத்தார்கள்.

தணிக்கைக்காரன் படையின் சின்னத்தைச் சுரண்டியிருப்பான்.
சக்கரத்து நட்டுகளைச் சுரண்ட
அவனுக்குத் தோன்றியதேயில்லை.

ரெபேக்காள் டீச்சர் ஆரியங்காவிலிருந்து
மழையோடு பஸ் பிடித்து வந்தார்.
பால் பாக்கெட் உறைக்குள் ஒரு படம்.
“எங்கம்மா முதல்ல கட்டினவரு, யோவேல்.
பர்மா ரோட்டுல போய்ச் சேர்ந்துட்டாரு.
அதுக்கப்புறந்தான் அம்மா எங்கப்பாவைக் கட்டுனது.
நாப்பத்தாறுல நான்.
சர்ச்சுல மலர் போடுறாங்க.
வண்டி பேரு தெரிஞ்சா அடியில எழுதலாம்.”
படத்தின் முதுகில் யாரோ பென்சிலால்: 1943.

குனிந்த கண்ணாடி. முன்ஜாலியைப் பார்த்தால் ஃபோர்டு. மூன்று டன்.
சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.
லென்ஸ் பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்தது.

பட்டாளத்தில் இந்த வண்டிக்குப் பின்னால்
பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம்.
இதில் இரட்டை.
கித்தான் கூண்டு போய்
தடி ஏற்றுகிற தளம், இரும்பு முளைகள்.
பானட்டில் புதுப் பெயிண்ட், அதற்கடியில்
அம்மைத் தழும்புபோல் படையின் பழைய எண்.
கதவில் எழுதிய கம்பெனிப் பெயரில்
அவர் முதுகு மறைத்தது போக மிச்சம்: கோட்டை.
செங்கோட்டையா பாளையங்கோட்டையா,
அந்த முதுகுக்குத்தான் தெரியும்.

ஏலத்தில் போன வண்டி.
யுத்தம் முடிந்து, கழித்துக்கட்டி, கைமாறி,
நாற்பத்தாறின் கடைசி. இல்லை நாற்பத்தேழு.
அதற்கு முன்னால் வழியே இல்லை.

வெளியே வைக்கோல் லாரிகள் ஹாரன் அடித்தன.
“என்ன சார், டயர் சரியில்லையா?” என்றார்.

எத்தனையோ பேர் ரூபாய் நீட்டி
என்னை வாய்மூடச் சொல்லியிருக்கிறார்கள்.
யாரும் கேட்காமலே மூடிக்கொள்ளலாமா என்று
அன்றைக்குத்தான் யோசித்தேன்.
பிறகு சொன்னேன்.
சக்கரம், தளம், பெயிண்ட், கதவு,
சோதனை அறிக்கை வாசிக்கிற அதே குரலில்.

லென்ஸைக் கேட்டு வாங்கினார்.
முகத்துக்குப் போகவில்லை.
பின் சக்கரத்தை நகநுனியால் எண்ணினார்:
ஒண்ணு. ரெண்டு.

“அப்போ இந்த வண்டி நின்ன அன்னிக்கு
எனக்கு என்ன வயசு?”

“ஆறு மாசம். கூடிப்போனா ஒரு வருஷம்.”

“செங்கோட்டைன்னா ரயில்ல முக்கால் மணி நேரம்,”
என்றார், என்னிடம் இல்லை.

அப்போதுதான் நானும் அந்த ஆளைப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை. தோள் கதவில் சாய்ந்திருக்க
பார்வை தரையில், வண்டியின் கண்ணாடி போலவே.

“வண்டி பேரு மட்டும் எழுதிக் குடுங்க.”
பர்மிட் சீட்டின் பின்னால் எழுதினேன்:
ஃபோர்டு. மூன்று டன். கனடா.

டீச்சர் கைப்பையில் ரப்பர் இருந்தது.
படத்தைத் திருப்பி வைத்து
மூன்றை மட்டும் அழித்தார்.
தூளை ஊதிவிட்டு
மிச்சத்தை அப்படியே விட்டார்:
194