கோளாறு என்ன

சாகினாவில் இந்த இரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஃபோர்டு
இரண்டு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு
தன் தப்பில்லை என்கிறது.

சொந்தக்காரர் என் ட்ரக்கில் ஏறி
பூட்ஸ் பனியைத் தட்டுகிறார்.
முதல் பேச்சு எல்லோருக்கும் ஒன்றுதான்:
"இதுவரை ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை."
காவல் நிலையத்துக்குப் பிள்ளையை மீட்க வந்தவர் குரல்.
போன மார்ச்சில் இதே வளைவில்
இதே வண்டியைத் தூக்கியவன் நான்தான்.
ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறேன்.

இங்கே மதம் மாறியவர்களை மன்னித்துவிடுவார்கள்.
என் அக்கா கோரீன் ஷெவி வீட்டில் வாழ்க்கைப்பட்டாள்.
அப்பா தன் ஃபோர்டை
இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
கோட்டும் சூட்டுமாய்ச் சேற்றுப்பனியில் நடந்து
தேவாலயத்துக்கு வந்தார்.
அந்த ஃபோர்டு அன்று மாலை கிளம்பவில்லை.
சம்பந்தியின் ஷெவிதான் கொண்டுபோய் விட்டது.
வழியெல்லாம் அப்பா
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

எந்த வண்டி நம்பலாம், எது கழுத்தறுக்கும் என்று
வருஷாவருஷம் பத்திரிகையில் பட்டியல் வரும்.
என்னிடம் இருப்பது காபிக் கறை படிந்த ஏடு.
டாட்ஜ். கியர் விழவில்லை. அழுதாள்.
ஜீப். சாவி உள்ளே. நாயும் உள்ளே.
கிரைஸ்லர். தெரியவில்லை. மெக்கானிக்குக்கும்.
ஒரு முறை ஒரு டொயோட்டா.
தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது,
பாதிரியார் போதையில் விழுந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை, வின்னிஃபிரெட் ஆஸ்ட்ராண்டர்.
கொட்டகையில் மணல் நிற பியூக்,
இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைல்.
கோளாறு என்ன என்று கேட்டேன்.
"ஒன்றுமில்லை" என்றாள்.

ஸ்டீயரிங் ஆலையில் இருபத்திரண்டு வருஷம்,
இரண்டாம் ஷிஃப்ட்.
"நான் முடுக்கியது ஏதாவது இதற்குள் இருக்கும்.
எந்தக் கிழமை முடுக்கியதோ தெரியாது.
வெள்ளிக்கிழமையாக இருந்தால்
இவ்வளவு தூரம் வந்திருக்காது."
சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
துடைத்தும் பயனில்லை, அந்தக் கண்களுக்கு.
டாக்டர் லைசென்ஸை வாங்கிக்கொண்டுவிட்டார்.
பே சிட்டியில் ஒரு பையன், தொள்ளாயிரம் டாலர்.
தானே வந்து ஓட்டிப்போகிறேன் என்றானாம்.
வேண்டாம், ட்ரக் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

"ஓடுகிற வண்டிக்கு எதற்கம்மா நூற்றுப்பத்து டாலர்?"

எதிர்வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்,
அல்லது அவர் நிற்கும் திசையை.
தணிந்த குரலில் சொன்னாள்:
"முதலில் நின்றுபோனது இதுதான் என்று
தெரு நினைத்துக்கொள்ளட்டும்."

கொக்கியை மாட்டினேன்.
முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தபோது
வாசலுக்கு வந்து
எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:
"இதுவரை ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை!"

அந்த வாக்கியத்தை
பதினாறு வருஷமாகக் கேட்கிறேன்.
உண்மையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பாலத்தடியில் நிறுத்தி ஏட்டைத் திறந்தேன்.
பியூக் என்று எழுதினேன்.
அடுத்த பத்தியில்
பேனா உறைந்துபோயிருந்தது,
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி எழுத வேண்டியிருந்தது.
கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பது
இவ்வளவு சிரமமாய் இருந்ததில்லை.

பே சிட்டியில் பையன் சாவியைத் திருப்பினான்.
முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
பூனை மாதிரி ஓடியது.
"நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ட்ரக்?"

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே,
என்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி,
ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன்.