அச்சான பிறகு

டெல்ஃபீன் ப்ரூயிட் மேயருக்கு நிற்கிறாள்.
துண்டறிக்கையில் ஐந்து வாக்குறுதி;
முதலாவது, ஏரிக்கரையில் கண்ணாடிக் கோபுரம்.

எஃகு ஆலை மூடிய தெருவில்
ஏழு வீட்டுக்கு ஒன்றில்தான் கதவு திறக்க ஆள்.
வோய்ச்சிக் பாதி திறந்தார்.
கோபுரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நம்பர் பஸ்
திரும்ப வருமா?
மனைவி அக்கரை ஆஸ்பத்திரியில்.
பாலத்தில் நடந்துதான் போகிறேன்,
இந்த ஒஹாயோப் பனியில்."

அவளிடம் பதில் இல்லை.
பொய் ஒன்று இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில்.
எடுக்கவில்லை.

காருக்குள் ஹீட்டர் சூடாகுமுன்
கோபுரத்தைக் குறுக்கே அடித்தாள்.
மை உறைந்திருந்தது;
கோடு விழவில்லை, வெறும் கீறல்.
பேனாவை ஊதி ஊதி
'பஸ்' என்று எழுதினாள்.

வண்டி ஓட்டுகிறவன் நான். பார்த்தேன்.
மீதி நாலாயிரம் பிரதி
பின்சீட்டில்,
இன்னும் கோபுரத்தோடு.