கேள்வி பதினேழு, பதினெட்டு

டேப்பில் இருந்தது இப்படி:
"தாங்கள் நேசிக்கப்படுவதாக உணர்கிறீர்களா?
ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுக."

செல்லூரில் மூன்று தெரு தாண்டுவதற்குள்
அந்தப் "படுவதாக"
அறுந்த செருப்பு வாராக
என்னோடு இழுபட்டு வந்தது.
இங்கே கடன்படுகிறார்கள், அடிபடுகிறார்கள்,
பிள்ளை பாஸானால் சந்தோஷப்படவும் செய்கிறார்கள்.
நேசிக்கப்பட்டவர் என்று ஒருவரும் வெளியே வரவில்லை.

நாலாவது தெருவில் நானே மாற்றிக்கொண்டேன்:
"உங்க மேல பாசமா இருக்காங்களா?"
"யாரு?" என்றார்கள்.
டேப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

நெல்பேட்டை ஜுனைதா
குடலை அலசிக்கொண்டே யோசித்தாள்.
"வெள்ளிக்கிழமை வீடியோல வருவாரு.
நெட்டு நல்லா இருந்தா நாலு.
சுத்திக்கிட்டே நின்னா ரெண்டு.
எதப் போடுவீக?"

கே.கே. நகரில் ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார்
கேட் வழியாகவே கேட்டார்:
"இத வச்சு எதுவும் திட்டம் வருதாம்மா?"
வராது சார்.
"அப்ப அஞ்சு போட்டுக்க."

மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஸ்வப்னா.
பாலினம், மூன்றாவது கட்டம். வயது முப்பத்தொன்று.
"சைபர் இருக்கா?"
இல்லைக்கா, ஒண்ணுலதான் ஆரம்பம்.
"ஓ" என்றாள்.
ஒன்று, இலவசமாகக் கிடைத்ததுபோல.
பதினெட்டாவது, தன்னைத் தானே நேசிப்பது.
"அதுல ஆறு இருக்கா?"
அதுவும் இல்லை.
"என்னடி உன் கணக்கு,
ரெண்டு பக்கமும் என்னைய வெட்டுது."

அனுப்பானடியில் ஒரு வீடு.
நாற்பத்திரண்டு வயது, பத்தாம் வகுப்பு, இல்லத்தரசி.
கையில் மாவு காய்ந்திருந்தது.
"உங்களை உங்களுக்குப் பிடிக்குமாக்கா?"
சிரித்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.
அப்புறம் உள்ளே திரும்பி,
"ஏங்க... எனக்கு என்னையப் பிடிக்குமா?"

டிவியின் சத்தம் குறைந்தது.
"எத்தனைக்கு?"
"அஞ்சுக்கு."
"மூணு போடச் சொல்லு."
சத்தம் ஏறியது.

போட்டேன்.
ஒரு படிவத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்.

மாதக் கடைசியில் அலுவலகத்துச் சுவரில்
வண்ண வண்ணக் கம்பங்களாய் எழும்பி நின்றது மதுரை.
மணமான பெண்கள், முப்பத்தைந்து முதல் ஐம்பது வரை,
தன்னேசம், சராசரி: மூன்று.
"நிலையா இருக்கு, நல்ல டேட்டா" என்றார் மேற்பார்வையாளர்.
எனக்கு அந்த டிவி கேட்டது.

சொல்ல மறந்தது ஒன்று.
அவனியாபுரம் ஒச்சப்பன், அறுபத்தாறு, ஷேர் ஆட்டோ.
போன அன்றே ராத்திரி பத்தரைக்கு அழைத்தார்.
"காலைல நாலுன்னு சொன்னேன்ல தங்கச்சி,
அதை ரெண்டாக்கிரு.
அப்ப மருமக பக்கத்துல நின்னுச்சு."

அனுப்பிய படிவம் திறக்காது.
ஆக்கிட்டேண்ணே, என்றேன்.

வியாழக்கிழமை திரும்பவும் அதே நம்பர்.
பின்னால் குக்கர் விசிலடித்தது. குரல் கட்டியிருந்தது.
"அதை மூணா வச்சுக்க.
ரெண்டு நாளாக் காச்சல்.
கஞ்சி வந்துச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஆறிப்போய்த்தான் வந்துச்சு.
இருந்தாலும் மூணு போடு."