மழைக்கோட்டு இருபதாயிரம்

கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வானம்.
மருந்துக்கும் மேகமில்லை.
டா நாங் நகரில், ஹான் ஆற்றங்கரையில்,
சனிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு
ஞான் மழைக்கோட்டு விற்கிறாள்.

மஞ்சள், நீலம், வெளிர்ச் சிவப்பு.
வெங்காயச் சருகைவிட மெல்லிய பிளாஸ்டிக்.
ஒன்று இருபதாயிரம் டாங்.
வேண்டாம் என்று தலையாட்டுகிறவர்களுக்கு
பாலத்தின் மேல் நீண்டு கிடக்கும் இரும்பு டிராகனைக்
கட்டைவிரலால் காட்டுகிறாள்.
நானும் தலையாட்டினேன்.

அவள் பெயருக்கு ஓய்வு என்று பொருளாம்.
உட்கார்ந்து பார்க்கவில்லை நான்.

பகலெல்லாம் ஊர் பார்த்துக் களைத்த கால்கள் எனக்கு.
சலவைக்கல் மலைக் குகையில்
கூரைத் துளைவழி விழுந்த வெயிலுக்குள்
ஒவ்வொருவராய்ப் போய் நின்று படமெடுத்துக்கொண்டோம்,
ரேஷன் வரிசை போல.
அருங்காட்சியகத்தில் தலை போன ஒரு சாம் நடனக்காரி
இடுப்பை மட்டும் இன்னும் ஒடித்தபடி நின்றாள்.
மத்தியானம் மீ குவாங்:
மஞ்சள் நூடுல்ஸ், வேர்க்கடலை, நொறுக்கிய அரிசி அப்பளம்,
குழம்பு மட்டும் கணக்குப் பார்த்து ஊற்றியது.

ஞானின் சட்டையில் ஒரு கறுப்புத் துணித் துண்டு
ஊக்கால் குத்தியிருந்தது.
யார், என்று கைபேசியிடம் கேட்டு அவளிடம் நீட்டினேன்.
அவள் பேசினாள். கைபேசி சொன்னது:

தாத்தா. வியாழக்கிழமை விடியலில். நான்கு மீட்டர்.

தட்டிப் பார்த்து மறுபடி நீட்டினேன்.

என் கணவர்தான் மூத்த மகன்.
ஏனென்றால் அவர்தான் முதலில் பார்த்தார்.

இயந்திரத்துக்குப் பைத்தியம் என்று நினைத்தபோது
ஒன்பது மணி.
டிராகன் நெருப்பைத் துப்பியது.
கன்னத்தில் சூடு வந்து போனது.
ஆயிரம் கைபேசிகள், ஒரே ஓ.
பிறகு தண்ணீர்.
காற்று கடலிலிருந்து திரும்பி
முழுவதையும் எங்கள் தலையில் கொட்டியது.
தொப்பலாய் நனைந்த பிறகு
ஒன்பது பேர் மழைக்கோட்டு வாங்கினார்கள்.
பத்தாவது ஆள் நான்.

ஞாயிறு காலை, அவள் எழுதித் தந்த முகவரி.
ஓட்டல்களின் நிழல் முடிகிற இடத்தில்
கவிழ்த்து வைத்த பரிசல்கள்,
ஓடு வேய்ந்த சின்னக் கோயில்.
பக்கத்தில் புது மணல்மேடு.
தலையில் வெள்ளைத் துணி கட்டி, வெறுங்காலுடன்
கியெம் நின்றிருந்தான்.
பெற்ற அப்பனுக்குக்கூட இப்படி நின்றானோ என்னவோ.

மேட்டுக்குள் இருந்தது திமிங்கிலம்.
இங்கே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
தாத்தா. அவ்வளவுதான்.
புயலில் படகுக்கு அடியில் வந்து முதுகு கொடுப்பவர்.
செத்துக் கரையொதுங்கினால்
முதலில் கண்டவன் கொள்ளி வைக்காத குறையாகப் பிள்ளை.
மூன்று வருடம் கழித்துத் தோண்டி,
அரிசிச் சாராயத்தில் எலும்பு கழுவி,
கோயிலுக்குள் வைக்கவேண்டும்.
அதுவரை கியெமுக்குத் தீட்டும் பொறுப்பும்.

உன் படகை அவர் தாங்கியிருக்கிறாரா, என்றேன்.
இல்லை, என்றான் யோசித்து.
யார் படகையாவது தாங்கியிருப்பார்.

கல்யாணத்துக்கு முன்படம் எடுக்க ஒரு ஜோடி வந்தது.
மணப்பெண் வெள்ளை கவுனை முழங்காலுக்குச் சுருட்டிப் பிடித்தாள்.
புகைப்படக்காரன் கோணம் தேடினான்.
ஊதுபத்தியைப் பார்த்ததும்
மாப்பிள்ளை பளபளக்கும் செருப்பைக் கழற்றினான்.
யாரும் சொல்லவில்லை அவனிடம்.

மேட்டின் தலைமாட்டில்
நாலு மூலையும் கல் வைத்து
மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று விரித்திருந்தது.
வாழ்நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தவருக்கா,
என்று கேட்டிருக்கக் கூடாது.

ஞான் கோட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.
உள்ளே, கடல் சாரல் படாமல்,
புகைந்துகொண்டிருந்தன மூன்று பத்திகள்.