சாவி போன வழி

இறக்கிவைத்த அன்றே ஓட்டலாம் என்றார் வண்டிக்காரர்.
ஓட்டவில்லை.
நாலரை அடி பெட்,
சங்கிலி பிளாக்கில் ஆடி ஆடி வந்து நின்றது.
தரைக்கு இன்னும் அது பழகவில்லை.

ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தால் குமிழி
கோயமுத்தூர்ப் பக்கம் ஓடும்.
குறுக்கே வைத்தால் மலையைப் பார்த்து.
பெயிண்ட் டப்பா மூடியை வெட்டிக்
கால்களுக்கடியில் தகடு தகடாய்ச் செருகினேன்,
மூன்று நாள்.
வாளையார் ரோட்டில் சரக்கு லாரி போகும்போதெல்லாம்
குமிழி ஒரு முடியளவு துள்ளித்
திரும்ப வந்து உட்காரும்.
அந்த முடியைக் கணக்கில் எடுக்காதீங்க என்றார்
எலக்ட்ரீசியன் நவ்ஷாத்.
எடுத்தேன். தரையை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போட்டேன்.
கடன் நோட்டில் அது தனி வரி.

டூல் முனை மையத்தில் நிற்க வேண்டும்.
கடைகிற தண்டுக்கும் முனைக்கும் நடுவே
ஆறங்குல ஸ்கேலை மெல்ல நெரிப்பேன்.
நெட்டுக்குத்தாய் நின்றால் சரி.
தலை என் பக்கம் சாய்ந்தால் முனை தாழ்வு,
ஆக்சா பிளேடுத் துண்டு ஒன்று அடியில் போகும்.
அப்பால் சாய்ந்தால் ஒன்றை உருவ வேண்டும்.

மோதிரம் ஆணியில் தொங்கும்.
தாலிக்கொடியும் அதே ஆணியில்.
முதல் வாரம் மாமியார் என்னோடு பேசவில்லை.
இரண்டாம் வாரம்
ஆணிக்கு மேலே மஞ்சள் தடவிக்
குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.
துப்பட்டா கிடையாது. கையுறையும் கிடையாது.
சுற்றுகிற இரும்புக்குத் துணியென்றால் ஆசை.
நூலைக் கொடுத்தால் கையைக் கேட்கும்.
சூடாய் நீலம் பாரித்து வரும் சுருளை
ஸ்போக் கம்பி வளைத்த கொக்கியால்தான் இழுப்பேன்,
அதுவும் நிறுத்திவிட்டு.

இத்தனையும் தெரிந்தவள்தான்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
கரண்டு போனது, எங்கள் பக்கம் மட்டும்.
ஓடைக்கு அந்தப்புறம் பேக்கரியில்
ஃபேன் சுற்றுவது தெரிந்தது.
சுவிட்சை அணைத்தேனா?
அணைத்ததாகத்தான் இப்போதும் கை சொல்கிறது.
சக்கைத் தளர்த்தச் சாவி போட்டு
ரெண்டு திருகு திருகவில்லை, அதற்குள் போன்.
கஞ்சிக்கோட்டு மில் சிவதாசன்.
"சேச்சி, புஷ் இன்னு கிட்டுமோ?"
உள்ளே சிக்னல் இல்லை.
வாசலுக்கு வந்தேன்.

கரண்டு வந்தது.
பெட்டில் ஒரு சத்தம், கூரையில் இன்னொன்று.
அப்புறம் வெறும் ஓட்டம்,
எதுவுமே நடக்காத மாதிரி சீரான ஓட்டம்.
"சேச்சி? ஹலோ?" என்றது போன்.

சாவி நாலாம் நாள் சோளக்காட்டில் கிடைத்தது.
நவ்ஷாத் ஒரு பொத்தான் பெட்டி மாட்டினார்:
கரண்டு போனால் தானே விழும்,
பச்சையை அமுக்காமல் எழாது.
நான் சாவிக்கு ஒரு ஸ்பிரிங் கோத்தேன்.
கையை எடுத்தால் சக்கே அதைத் துப்பிவிடும்.
நாளைக்கு நாற்பது தடவை தரையில் விழுகிறது,
நாற்பது தடவை குனிகிறேன்.

கூரைத் துளையை மட்டும் அடைக்கவில்லை.
பத்தரைக்கு ஒரு ரூபாய்க் காசளவு வெயில்
ஹெட்ஸ்டாக்கில் இறங்கும்.
எண்ணெய்க் கண்ணாடியில் மட்டம் பார்க்க
டார்ச் தேவைப்படவில்லை.
பிறகு பெட்டின் மேல் ஊர்ந்து
ஒரு மணிவாக்கில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில்
என் செருப்பில் ஏறும்.
அப்போது நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவேன்.

ஆனியில் கணவாய்க் காற்று சாரலை எடுத்துவந்தது.
மறுநாள் காலை பெட்டில், மிளகளவில்
மூன்று துருப்புள்ளி.
மண்ணெண்ணெய்த் துணியும் எண்ணெய்க்கல்லுமாய்
அரை நாள் போனது.
ஏணி போட்டு ஏறித் தார் ஷீட்டு ஒட்டினேன்.
மேலிருந்து பார்த்தால் பேக்கரியும் மில் புகைபோக்கியும்
ஒரே மழையில் நனைந்தன.

இன்று கிப் ஸ்குரூ கால் திருகு இறுக்க வேண்டும்.
புஷ் உள்விட்டம் ஒரு நூல் கூடிப்போனது.
பரவாயில்லை, கொடுங்க என்கிறார் சிவதாசன்.
இன்னொரு துண்டை சக்கில் வைக்கிறேன்.
சாவி கீழே விழுகிறது.
எடுத்து மாட்டிவிட்டுப் பச்சையை அமுக்குகிறேன்.